அரங்கேற்றம் முதல் நடுவர் அவை வரை

நுழையும்முன்

ஒரு படைப்பு எழுதி முடிக்கப்பட்டவுடன் நிறைவு பெற்றுவிடுவதில்லை. கேட்போர் அவையில் அது மதிப்பிடப்படும்போதே அதன் தகுதி உலகுக்குப் புலப்படுகிறது. இன்று சிறுகதைப் போட்டி, கவிதைப் போட்டி என்னும் பெயர்களில் நிகழும் மதிப்பீட்டுக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. அம்மரபின் சிறப்பான நிகழ்வு ஒன்று காஞ்சிபுரத்தோடு தொடர்புடையது. நடுவரின் கடமை யாது, அவர் எவற்றைக் கொண்டு ஒரு படைப்பை அளக்கிறார், அவர் தவறும் இடங்கள் எவை என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கச்சியின் கல்வி மரபு

காஞ்சிபுரம் கோயில்களுக்கும் பட்டுக்கும் மட்டும் பெயர் பெற்ற நகரன்று. அறிவை ஆய்ந்து தெளிந்த நகரமும் ஆகும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையன் ஆண்ட கச்சியைப் போற்றுகிறது. மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி, அறவண அடிகளிடம் தருக்க நெறியைக் கேட்டறிந்த இடமும் இந்நகரமே. ஒரு கூற்றை நிறுவுவதற்குரிய காரணம் எது, காரணம்போலத் தோன்றும் போலி எது எனப் பகுத்துணரும் முறையை அக்காப்பியம் விரிவாகக் கூறுகிறது. கடம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன், உயர்கல்வி பெறுவதற்காகக் காஞ்சியின் கடிகைக்கு வந்தான் என்பதைத் தாளகுண்டாக் கல்வெட்டு தெரிவிக்கிறது.

அணியிலக்கணத்தின் வரலாற்றிலும் காஞ்சிக்கு இடமுண்டு. வடமொழியில் காவியாதர்சம் என்னும் நூலை இயற்றிய தண்டி, பல்லவர் காலத்தில் காஞ்சியில் வாழ்ந்தவர். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே தண்டியலங்காரம். செய்யுளுக்குரிய குணங்களையும் அணிகளையும் கூறும் அந்நூல், செய்யுளில் நேரக்கூடிய வழுக்களையும் வகைப்படுத்துகிறது. இடம், காலம், கலை, உலகம், நியாயம், ஆகமம் என்னும் ஆறனுக்கும் மாறுபடப் பாடுவதை அது 'மலைவு' எனக் குறிக்கிறது. ஒரு நிலத்தில் விளையாத பொருளை அந்நிலத்தில் விளைந்ததாகக் கூறினால் அஃது இடமலைவு. ஒரு பருவத்தில் பூக்காத மலரை அப்பருவத்தில் பூத்ததாகக் கூறினால் அது காலமலைவு. இன்றைய சிறுகதையைப் படிக்கும் நடுவரும் இவ்வினாக்களையே எழுப்புகிறார். கதை நிகழும் ஊர் உண்மையான ஊராகத் தோன்றுகிறதா? அக்காலத்தில் இல்லாத பொருள் கதைக்குள் நுழைந்துவிட்டதா? பழைய இலக்கணம் வகுத்த அளவுகோல் புதிய இலக்கிய வடிவத்துக்கும் பயன்படுவதை இதனால் அறியலாம்.

அரங்கேற்றம் என்னும் மதிப்பீடு

நூல்கள் அச்சேறாத காலத்தில் ஒரு நூல் உலகில் வழங்க வேண்டுமாயின், அதனை அறிஞர் அவையில் அரங்கேற்றுதல் மரபு. நூலாசிரியர் தம் நூலைப் படித்துப் பொருள் கூறுவார். அவையினர் ஐயம் எழுப்புவர்; தடை கூறுவர். அவற்றுக்கெல்லாம் ஆசிரியர் விடை கூறிய பின்னரே நூல் ஏற்றுக்கொள்ளப்படும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியை அதன் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது. நூல் அரங்கேறிய இடத்தைக் 'களம்' என்னும் பெயரால் சிறப்புப்பாயிரத்தில் குறிப்பிடுவதும் உண்டு என நன்னூல் கூறுகிறது. எனவே அரங்கேற்றம் வெறும் விழாவன்று. கேள்வியும் மறுமொழியும் நிறைந்த மதிப்பீட்டு நிகழ்வாகும்.

குமரக்கோட்டத்தில் எழுந்த தடை

காஞ்சிபுரத்துக் குமரக்கோட்டம் முருகன் கோயிலில் வழிபாடு செய்துவந்தவர் கச்சியப்ப சிவாசாரியார். ஆறு காண்டங்களும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட கந்தபுராணத்தை அவர் இயற்றினார். அந்நூல் அக்கோயிலிலேயே அரங்கேறியது. அரங்கேற்றம் நிகழ்ந்ததாகப் போற்றப்படும் மண்டபம் இன்றும் அங்கு உள்ளது.

அரங்கேற்றத்தின் தொடக்கத்திலேயே தடை எழுந்ததாக மரபுவழிச் செய்தி கூறுகிறது. காப்புச் செய்யுளின் முதற்சொல்லில் 'திகழ்' என்பதும் 'தச' என்பதும் புணர்ந்துள்ளன. நிலைமொழி ஈற்றிலுள்ள ழகரமும் வருமொழி முதலிலுள்ள தகரமும் சேர்ந்து டகரமாகத் திரிந்துள்ளன. இத்திரிபுக்குத் தொல்காப்பியம் முதலிய நூல்களில் விதி இல்லை என அவையிலிருந்த புலவர் ஒருவர் மறுத்தார். கச்சியப்பரால் உடனே விடை கூற இயலவில்லை. அவை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் சோழநாட்டிலிருந்து புலவர் ஒருவர் வந்து, வீரசோழியம் என்னும் இலக்கண நூலின் சந்திப்படலத்தில் இதற்கு விதி உள்ளதை எடுத்துக்காட்டினார். தடை நீங்கியது, அரங்கேற்றம் தொடர்ந்தது. வந்தவர் முருகப்பெருமானே என்பது அடியார்களின் நம்பிக்கை.

வீரசோழியம், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய நூலாகும். சைவ நூல் ஒன்றுக்கு எழுந்த ஐயத்தைப் பௌத்தர் ஒருவரின் இலக்கண நூல் தீர்த்துவைத்ததாக இம்மரபு கூறுவது எண்ணத்தக்கது. மதிப்பீட்டு அவையில் சான்றின் வலிமையே நோக்கப்பட்டது. சான்று எச்சமயத்தாரின் நூலிலிருந்து வந்தது என்பது நோக்கப்படவில்லை.

இந்நிகழ்ச்சி நடுவருக்கு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, தடை கூறியவர் தவறு செய்தவர் அல்லர். தாம் கற்ற நூல்களில் இல்லாத ஒன்றைக் கண்டபோது அதனை வினவியது அவருடைய கடமை. இரண்டாவது, நடுவர் அறிந்த விதிகளே மொழியின் எல்லை ஆகா. அவர் அறியாத விதி வேறொரு நூலில் இருக்கக்கூடும். மூன்றாவது, அவை உடனே தீர்ப்பளிக்கவில்லை, ஒருநாள் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பு இல்லையேல், பெருங்காப்பியம் ஒன்று அதன் முதற்சொல்லிலேயே தள்ளப்பட்டிருக்கும்.

பேசாத நடுவர்

இலக்கியத்தை மதிப்பிடுதல் பற்றிய மற்றொரு செய்தி, இறையனார் களவியல் உரையில் காணப்படுகிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வற்கடம் நிலவியது. அது நீங்கிய பின்னர், பொருளதிகாரம் வல்ல அறிஞர் எவரும் கிடைக்காமல் மன்னன் வருந்தினான். அப்போது இறைவன் அறுபது நூற்பாக்களை அருளினான். சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் அவற்றுக்குத் தனித்தனியே உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்பதில் கருத்து வேறுபாடு தோன்றியது. தங்களுக்கு ஒரு 'காரணிகன்' வேண்டும் எனப் புலவர்கள் கேட்டனர். காரணிகன் என்பது நடுவரைக் குறிக்கும் பழஞ்சொல். உப்பூரிகுடிகிழாரின் மகனும் ஐந்து வயதினனும் வாய்பேசாதவனுமாகிய உருத்திரசன்மன் அப்பணிக்கு அமர்த்தப்பட்டான்.

புலவர்கள் ஒவ்வொருவராகத் தம் உரையைப் படித்தனர். உருத்திரசன்மன் அசைவின்றிக் கேட்டிருந்தான். மதுரை மருதன் இளநாகனார் படித்தபோது சில இடங்களில் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் படித்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்தான். நக்கீரர் உரையே மெய்யுரை என அவை தெளிந்தது.

குமரக்கோட்டத்துச் செய்தியும் இச்செய்தியும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. முன்னது விதியையும் சான்றையும் வலியுறுத்துகிறது. பின்னது உள்ளத்தின் உணர்வை வலியுறுத்துகிறது. இலக்கணப் பிழை ஒன்றேனும் இல்லாத கவிதை, படிப்பவர் உள்ளத்தைத் தொடாமல் போகலாம். உள்ளத்தைத் தொடும் கதையில் சிறு பிழைகள் இருக்கலாம். நல்ல நடுவர் முதலில் உருத்திரசன்மனைப் போலக் கேட்கிறார். அதன்பின் குமரக்கோட்டத்து அவையைப் போல ஆராய்கிறார். ஆராய்ந்த பின்னர்க் காரணமும் கூறுகிறார். உருத்திரசன்மன் பேசாதவன், ஆதலால் அவனது மெய்ப்பாடே தீர்ப்பாயிற்று. பேசவல்ல நடுவருக்கோ காரணம் கூறும் கடமை உண்டு.

கதைக்கும் கவிதைக்கும் உரிய அளவுகோல்கள்

நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் கூறுகிறது. கூறியது கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் முதலியன குற்றங்கள். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், ஓசையுடைமை, ஆழமுடைமை முதலியன அழகுகள். இவை இலக்கண நூலை நோக்கி வகுக்கப்பட்டவை எனினும், படைப்பிலக்கியத்துக்கும் பொருந்துவன.

சிறுகதையில் 'மற்றொன்று விரித்தல்' பெருங்குற்றமாகும். தறிக்கூடத்தில் நிகழும் கதை, இடையில் ஊரின் வரலாற்றை நான்கு பக்கம் கூறத் தொடங்கினால் அதன் ஒருமை சிதைகிறது. கவிதையில் 'கூறியது கூறல்' சுவையைக் குறைக்கிறது. எனினும் உணர்வை மிகுவிப்பதற்காக வேண்டுமென்றே திரும்பக் கூறினால் அதுவே அழகாகிறது. எனவே, ஒரு கூறு எங்கே குற்றமாகிறது, எங்கே அழகாகிறது என்பதைச் சூழல் நோக்கி முடிவு செய்யும் திறன் நடுவருக்கு இன்றியமையாதது.

பொருளின் சிறப்பை மட்டும் கருதிப் பரிசளிப்பதும் பிழையே. தாய்மை, நாட்டுப்பற்று, ஏழ்மை ஆகியவற்றைப் பாடும் கவிதைகள் அனைத்தும் பாடுபொருளால் உயர்ந்தவை. அவற்றுள் எக்கவிதை அப்பொருளைப் புதிதாகக் காணச் செய்கிறது என்பதே நடுவர் கேட்க வேண்டிய வினா.

இதனைக் காஞ்சிப் பட்டைக் கொண்டு விளக்கலாம். காஞ்சிபுரம் பட்டுப்புடவையின் உடலும் கரையும் வேறு வேறு வண்ணங்களில் நெய்யப்பட்டுக் 'கோர்வை' முறையில் இணைக்கப்படுகின்றன. ஊடை இழையைச் செலுத்தும் நாடாக்கள் மூன்று இதற்குத் தேவைப்படுகின்றன. 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இப்பட்டின் மேற்பரப்பில் வண்ணமும் சரிகையும் முதலில் கண்ணைக் கவரும். ஆனால் நெசவறிந்தவர், உடலும் கரையும் சேரும் இடத்தையே கூர்ந்து நோக்குவார். கதையிலும் அவ்வாறே. அழகிய சொற்கள் சரிகை போன்றவை. நிகழ்ச்சியும் பாத்திரமும், தொடக்கமும் முடிவும் உறுதியாகக் கோக்கப்பட்டுள்ளனவா என்பதே படைப்பின் வலிமையைக் காட்டுகிறது.

போட்டி நடைபெறும் முறை

தற்காலத் தமிழில் சிறுகதை மதிப்பீட்டை நெடுங்காலம் தொடர்ந்து நடத்திய அமைப்புகளுள் ஒன்று, சென்னையில் 1970இல் தொடங்கப்பட்ட இலக்கியச் சிந்தனை. இதழ்களில் வெளியாகும் கதைகளிலிருந்து மாதந்தோறும் ஒரு கதையை அவ்வமைப்பு தேர்ந்தெடுத்தது. அவ்வாறு தேர்ந்த பன்னிரண்டு கதைகளுள் ஒன்று ஆண்டின் சிறந்த கதையாகத் தெரிவு செய்யப்பட்டது. 1954இல் நிறுவப்பட்ட சாகித்திய அகாதெமி, மூவர் அடங்கிய நடுவர் குழுவின் வழியாக ஒவ்வொரு மொழியிலும் விருதுக்குரிய நூலை முடிவு செய்கிறது. தமிழுக்கான முதல் விருதை 1955இல் 'தமிழின்பம்' என்னும் கட்டுரை நூலுக்காக ரா.பி. சேதுப்பிள்ளை பெற்றார்.

பள்ளி அளவிலோ மாவட்ட அளவிலோ நிகழும் போட்டிக்கும் சில அடிப்படை நெறிகள் உள்ளன. படைப்பாளரின் பெயரும் ஊரும் நீக்கப்பட்டுப் படைப்புக்கு எண் அளிக்கப்பட வேண்டும். நடுவர்கள் முதலில் தனித்தனியே மதிப்பிட்டு, அதன்பின் கூடிக் கலந்துரையாட வேண்டும். தம் உறவினரோ மாணவரோ போட்டியில் பங்கேற்றிருப்பதை அறிந்த நடுவர் அப்பிரிவிலிருந்து விலக வேண்டும். பிறர் எழுதியதைத் தம்முடையதாக அனுப்பியிருப்பதாக ஐயம் எழுந்தால், மூலத்தோடு ஒப்பிட்டுச் சான்றோடு முடிவு செய்ய வேண்டும்.

மதிப்பெண்களைக் கூட்டுவதிலும் கவனம் தேவை. மூன்று கவிதைகளுக்கு முதல் நடுவர் 81, 80, 79 என மதிப்பெண் அளிக்கிறார் எனக் கொள்வோம். இரண்டாம் நடுவர் அவற்றுக்கு முறையே 30, 60, 45 என அளிக்கிறார். கூட்டுத்தொகை 111, 140, 124 ஆகிறது. இரண்டாம் கவிதை முதலிடமும், மூன்றாம் கவிதை இரண்டாம் இடமும், முதற்கவிதை இறுதியிடமும் பெறுகின்றன. இஃது இரண்டாம் நடுவரின் வரிசையே ஆகும். மதிப்பெண்களை மிகுந்த இடைவெளியோடு அளித்தமையால் அவருடைய கருத்தே முடிவாகிவிட்டது. முதல் நடுவரின் கருத்து மறைந்துவிட்டது. மதிப்பெண்ணுக்கு மாற்றாக வரிசை எண்ணைக் கூட்டினால் 4, 3, 5 என வரும். இரண்டாம் கவிதை முதலிடத்திலேயே இருக்க, முதற்கவிதை இரண்டாம் இடத்துக்கு உயர்கிறது. எந்த முறையைப் பின்பற்றினாலும் அதனைப் படைப்புகளைப் படிக்கும் முன்னரே முடிவு செய்துவிடுதல் நேர்மையாகும். நடுவர்களிடையே பெரிய வேறுபாடு உள்ள படைப்பை எண்ணிக்கையால் மட்டும் தள்ளிவிடாமல், மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

வட்டார வழக்கும் நடுவரும்

குமரக்கோட்டத்தில் எழுந்தது போன்ற தடை இன்றும் எழுவதுண்டு. நெசவாளர் குடும்பத்து மாணவி ஒருவர், தறிக்கூடத்தில் வழங்கும் சொற்களாலேயே கதை எழுதுகிறார் எனக் கொள்வோம். அச்சொற்களை அறியாத நடுவர் அவற்றைப் பிழை எனச் சுழித்துவிடக்கூடும். தாம் அறியாத சொல் வேறு, பிழையான சொல் வேறு என்பதை அவர் அப்போது நினைவுகூர வேண்டும்.

கரிசல் நிலத்து மக்களின் பேச்சு மொழியில் எழுதிய கி. ராஜநாராயணன், அம்மொழிக்கு வட்டார வழக்கு அகராதி ஒன்றையும் தொகுத்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' என்னும் நாவலுக்காக 1991இல் அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். குமரக்கோட்டத்தில் வீரசோழியம் செய்த பணியை, வட்டார வழக்குக்கு இத்தகைய அகராதிகள் செய்கின்றன. மொழியின் ஒரு பகுதிக்கு மதிப்புக் கிடைக்கும்போது, அதனைப் பேசும் மக்களுக்கும் மதிப்புக் கிடைக்கிறது.

நடுவரையும் மதிப்பிடும் காலம்

நடுவர்கள் தவறுவதும் உண்டு. இலக்கியத்துக்கான நோபல் பரிசு 1901இல் முதன்முதலாகப் பிரெஞ்சுக் கவிஞர் சுல்லி புரூதோமுக்கு வழங்கப்பட்டது. உருசிய எழுத்தாளர் தல்சுதோய் 1910 வரை வாழ்ந்தும் அப்பரிசைப் பெறவில்லை. இன்று உலகம் தல்சுதோயின் நாவல்களையே மிகுதியாகப் படிக்கிறது. அப்பரிசுக்குரிய பரிந்துரைகளும் கருத்துரைகளும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்படுகின்றன. நடுவர்களின் தீர்ப்பைப் பின்வரும் தலைமுறை மதிப்பிடுவதற்கு அஃது வழி செய்கிறது.

எனவே, பரிசு பெறாமை படைப்பின் தோல்வி ஆகாது. ஒரு போட்டியின் முடிவு, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட சிலர் கண்ட முடிவே. அதனால் நடுவரின் பொறுப்புக் குறைந்துவிடுவதும் இல்லை. முதன்முதலாக எழுதும் இளையவர் ஒருவர், நடுவரின் ஒரு சொல்லால் எழுத்தைத் தொடரவும் கூடும், கைவிடவும் கூடும். பரிசு பெறாத படைப்புக்கும் அதன் நிறைகுறைகளை இரண்டு வரிகளில் எழுதித் தருவது, பரிசுக்கு நிகரான பயனை அளிக்கும்.

'நடுவர்' என்னும் சொல் 'நடு' என்பதன் அடியாகப் பிறந்தது. திருக்குறளில் நடுவு நிலைமை தனி அதிகாரமாகவே வைக்கப்பட்டுள்ளது. ஒருபாலும் சாயாத துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக அது காட்டுகிறது. துலாக்கோல் தன் தட்டில் வைக்கப்பட்ட பொருளைத் தவிர வேறெதையும் நோக்குவதில்லை. ஆயினும் இலக்கியத்தை அளப்பவர் துலாக்கோலினும் மேலானவராக இருத்தல் வேண்டும். தம் அளவுகோல் போதுமானதா என்று தம்மையே வினவும் திறன் துலாக்கோலுக்கு இல்லை. குமரக்கோட்டத்து அவை ஒருநாள் காத்திருந்தபோது வெளிப்பட்டது அத்திறனே.

கற்பவை கற்றபின்...

1. வகுப்பில் கவிதைப் போட்டி ஒன்றை நடத்துக. பெயர் நீக்கிய படைப்புகளை மூவர் குழு மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு கருத்துரை எழுதுக.

2. உருத்திரசன்மனின் தீர்ப்பையும் குமரக்கோட்டத்து அவையின் முடிவையும் ஒப்பிட்டு உரையாடுக.

3. உங்கள் ஊரின் தொழில் ஒன்றில் வழங்கும் சொற்கள் இருபதைத் தொகுத்துப் பொருள் எழுதுக.